முப்பத்து மூன்று அடி தூரத்தில் ஒரு கப்பல்

கடந்த பன்னிரண்டு வருடங்களில் எங்கள் இசோதானித் தீவில் பள்ளிக்கூடம் சேர்ந்தவர்கள், கல்யாணம் கட்டியவர்கள், அறுபது நிறைந்து சிவப்புக் குல்லா போட்டுக்கொண்டவர்கள் எல்லாரும் நிஷிவாகி தொகியேவிடம் அதட்டு வாங்கியவர்கள்தான். "அசையாதீங்க!" அதுதான் அதட்டு. ஊர்த் தலைவருக்கும் அதே அதட்டு, மூன்று மாதக் குழந்தைக்கும் அதே அதட்டு. இருவரில் குழந்தைதான் சொன்னபடி கேட்கும்.

துறைமுகத் தெருவில் குடைக் கடையின் மாடியில் அவள் ஸ்டூடியோ. உள்ளே போனதும் எதிரே நிற்பது அவளுடைய கேமரா: முக்காலியின் மேல் ஒரு மரப்பெட்டி, அதற்கு முன்னால் துருத்தி, துருத்தியின் மூக்கில் ஒற்றை லென்ஸ். சண்டை முடிந்த மறு வருடம் மற்ற பெண்கள் கல்யாண கிமோனோவைக் கொடுத்து அரிசி வாங்கிய காலத்தில், தொகியே மூன்று கிமோனோவைக் கொடுத்து இதை வாங்கினாள். அந்த வாரம் வீட்டில் வள்ளிக்கிழங்குத் தண்டுதான் சாப்பாடு. கணவர் கான்ஜிரோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லத் தெம்பில்லை என்பதுதான் சரி.

இப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. ஸ்டூடியோ நன்றாகவே ஓடியது. ஆனால் அசையாத மனிதர்களைப் படம் பிடித்துப் பிடித்து அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. மாடி ஜன்னலைத் திறந்தால் எதிரே ஷியோமி கப்பல் பட்டறை. வருடத்துக்கு எட்டுக் கப்பல் அங்கிருந்து சரிந்து கடலில் இறங்கும். ஒவ்வொன்று இறங்கும்போதும் மேலே கட்டிய தாள் பூப்பந்து வெடிக்கும், புறாக்கள் கிளம்பும், ஒரு தெரு நீள இரும்பு திடீரென்று உயிர் வந்தாற்போல் பின்பக்கமாக ஓடும். அதைப் படமெடுக்க ஒனோமிச்சியிலிருந்து படகேறி ஓர் ஆள் வருவார். தொகியே ஜன்னலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு நொடி. அதை அவளுடைய பெரிய கேமராவில், ஒரே ஃபிலிமில், ஆணி எண்ணும்படி பிடிக்கவேண்டும்.

அந்த வருடம் பிப்ரவரியில் வாய்ப்பு தானாக மாடிப்படி ஏறி வந்தது. வந்தவர் பட்டறையின் நிர்வாக மேலாளர் இனுகாய், கைக்குட்டைக்கும் இஸ்திரி போடுகிறவர்.

"முதலாளிக்குக் கோபம், தொகியே சான்," என்றார் உட்காராமலே. "போன கப்பலோட படத்தைச் சுவத்துல மாட்டப் பெருசு பண்ணினா முகமெல்லாம் புள்ளி புள்ளியா இருக்காம். பெரிய கேமராவுல எடுக்கணும்ங்கறாரு. உங்ககிட்டதான் இருக்கு. அதனால வந்தேன். எனக்கு இஷ்டமில்லைன்னு முதல்லயே சொல்லிடறேன்."

"உக்காருங்க, இனுகாய் சான். இஷ்டமில்லாம நின்னுட்டே இருந்தா கால் வலிக்கும்."

"மார்ச் இருபத்தேழு. கிகுஷியோ மாரு. பூப்பந்து திறந்திருக்கணும், புறா பறக்கணும், கப்பல் பேரைப் படிக்கணும், முதலாளி முகம் தெளிவாத் தெரியணும். நாலும் ஒரே படத்துல. ஒண்ணு தவறினாலும் அடுத்த கப்பலுக்கு நான் ஒனோமிச்சிக்காரரைத்தான் கூப்பிடுவேன். அவர்கிட்ட சின்னச் சின்னதா மூணு கேமரா. ஒரு நிமிஷத்துல முப்பத்தாறு படம்."

"முப்பத்தாறு எடுத்தும் போன தடவை பூப்பந்து மூடினபடியேதானே இருந்துச்சு?"

"அது பூப்பந்து மேல தப்பு," என்று சொல்லிவிட்டு இனுகாய் இறங்கிப் போனார். தொகியே கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் மூன்று சுற்று ஓடினாள். கீழே குடைக் கடைக்காரர் விளக்கு ஆடுவதைப் பார்த்து நிலநடுக்கம் என்று வாசலுக்கு வந்துவிட்டார்.

பெரிய கேமராவில் ஒரு சங்கடம் உண்டு. பின்னால் உள்ள தேய்த்த கண்ணாடியில் பிம்பம் தலைகீழாக விழும். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, அது கூர்மையாகும்வரை குமிழைத் திருகிச் சரி பார்க்கலாம். ஆனால் ஃபிலிம் சட்டத்தைச் செருகிவிட்டால் கண்ணாடி மறைந்துவிடும். அதற்கப்புறம் கேமராவுக்குத்தான் கண், எடுப்பவளுக்குக் கிடையாது. மணப்பெண் என்றால் கவலையில்லை, வைத்த இடத்தில் இருப்பாள். இடமும் தூரமும் கடைசி நிமிடத்தில் மாறுகிற கப்பல் பட்டறையில் கண்ணாடியை நம்பினால் கதை கந்தல்.

தொகியே கண்ணாடியை நம்பவில்லை. அவள் நம்பியது ஒரு சாண் நீளக் கறுப்புக் குழாயை. தூரமானி. கூரே நகரத்தில் அமெரிக்கப் பட்டாளத்துச் சாமான்கள் குவித்துப்போட்டு விற்ற சந்தையில், பழைய பூட்சுகளுக்கு அடியில் கிடந்ததை அவள் ஒரே பார்வையில் அடையாளம் கண்டாள். பதினேழு வயதில், சண்டைக் காலத்தில், அவளைப் பள்ளியிலிருந்து பிடித்துக்கொண்டுபோய் ஒரு தொழிற்சாலையில் உட்காரவைத்தார்கள். போர்க்கப்பல்களுக்கான தூரமானிகளில் கண்ணாடிப் பட்டகம் பொருத்துகிற வேலை. அந்த ராட்சசக் குழாய்களைத் தூக்க ஆறு பேர் வேண்டும். அவற்றை வைத்து யாரை அடித்தார்கள், அடித்தது பட்டதா என்றெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளுக்குப் பிடித்தது வேறு. துவாரத்தில் கண்ணை வைத்தால் தூரத்துக் கலங்கரை விளக்கம் இரண்டாகத் தெரியும். சக்கரத்தை உருட்ட உருட்ட இரண்டும் ஒன்றையொன்று நெருங்கும். சட்டென்று ஒன்றாகும். அந்த ஒன்றாகும் கணத்தில் அவள் வயிற்றுக்குள் ஏதோ துள்ளும். பதினைந்து வருடமாகியும் அந்தத் துள்ளல் குறையவில்லை. கல்யாணத்தில்கூட அவளுக்கு அப்படித் துள்ளவில்லை என்று ஊரில் பேச்சு. கிளப்பிவிட்டது அவளேதான்.

சின்னத் தூரமானியும் அதே மாதிரிதான். இரண்டு ஒன்றானதும் சக்கரத்தில் நிற்கும் எண்தான் தூரம். கேமராவின் அடிப்பலகையில் ஓர் அளவுப் பட்டை ஒட்டியிருக்கும். துருத்தியை முன்னும் பின்னும் நகர்த்தும் குமிழைத் திருகி, முள்ளை அந்தப் பட்டையில் அதே எண்ணுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது. கண்ணாடியும் வேண்டாம், கறுப்புத் துணியும் வேண்டாம். தூரமானி காட்டுவது அமெரிக்க அடி. கேமராப் பட்டையில் இருந்தது எங்கள் ஊர் அடியான ஷாக்கு. இரண்டுக்கும் வித்தியாசம் ஓர் அரிசிமணித் தடிமன். ஒரு நாட்டோடு நான்கு வருடம் சண்டை போட்டபிறகுதான் அவர்கள் அடியும் நம் அடியும் ஏறக்குறைய ஒன்று என்று தெரியவந்தது.

இங்கேதான் அரசாங்கம் உள்ளே வருகிறது.

அந்த ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து ஷாக்கு சட்டவிரோதம். இனி மீட்டர், மீட்டர் மட்டுமே. ஊராட்சி அலுவலகத்தில் எடை அளவுப் பிரிவு என்று ஒரு மேஜை உண்டு. அந்த மேஜைக்குப் பின்னால் இருந்தவர் நிஷிவாகி கான்ஜிரோ, தொகியேவின் கணவர். பதினோரு வருடமாக மீன் தராசில் முத்திரை குத்துவதைத் தவிர வேறு வேலை இல்லாதிருந்தவர், ஒரே புத்தாண்டில் ஊரிலேயே மிக முக்கியமான மனிதராகிவிட்டார். அல்லது அப்படி நினைத்துக்கொண்டார். கூட்டம் போட்டுப் பேசினார். "முப்பத்து மூணு ஷாக்கு, பத்து மீட்டர்! எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க!" என்று தச்சர்களை வாய்ப்பாடு சொல்லவைத்தார். பிறகு வீடு வீடாகப் போய்ப் பழைய அளவுகோல்களைப் பிடுங்கினார்.

பட்டறையின் தலைமைத் தச்சர் தொமெகிச்சியிடமும் போனார்.

"தொமெகிச்சி சான், உங்க ஷாக்கு போட்ட மூலைமட்டத்தைக் குடுங்க."

"எந்த மூலைமட்டம்?"

"நீங்க மேல உக்காந்திருக்கீங்களே, அது."

"மெத்தை வாங்க வசதியில்ல, ஐயா. கிடைச்சது மேல உக்காருறோம்."

கான்ஜிரோ எதிரில் சம்மணமிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். தொமெகிச்சி எழுந்திருக்கவில்லை. மறுநாள் தொமெகிச்சி நடந்த நடையைப் பார்த்து, மீட்டர் முறை உடம்புக்கு ஆகாது என்று பட்டறையில் முடிவுக்கு வந்தார்கள்.

ஊரான் வீட்டில் தேடுகிறவருக்குத் தன் வீடு உறுத்தாமலிருக்குமா? மார்ச் முதல் ஞாயிறு, தொகியே பக்கத்துத் தீவில் ஒரு கல்யாணத்துக்குச் சின்னக் கேமராவோடு போயிருந்தபோது, கான்ஜிரோ ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார். பெரிய கேமராவின் அடிப்பலகையில் ஷாக்குப் பட்டை இருந்தது. எடை அளவு அதிகாரியின் சொந்த வீட்டில்! அதை நோகாமல் உரித்து, அதே அளவில் ஒரு செல்லுலாய்டுத் துண்டு வெட்டி, அறையிலும் ஜன்னலுக்கு வெளியே தெருவிலும் மீட்டர் நாடாவைப் பிடித்து, தேய்த்த கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு மீட்டருக்கும் கோடு போட்டு, மெல்லிய பேனாவால் எண்கள் எழுதி ஒட்டினார். மிக நேர்த்தியான வேலை. அதில் குறை சொல்ல யாராலும் முடியாது.

மனைவியிடம் சொன்னாரா என்றால், சொன்னார். முறைப்படி சொன்னார். எங்கள் தெருவில் சுற்றுப்பலகை என்று ஒன்று உண்டு. ஓர் அட்டையில் ஊர் அறிவிப்புகளைச் செருகி வீடு வீடாக அனுப்புவார்கள். படித்ததற்கு அடையாளமாக முத்திரை குத்தி அடுத்த வீட்டில் கொடுக்கவேண்டும். படித்துக்கொண்டு நின்றால் பக்கத்து வீட்டுக்காரரைக் காக்கவைத்ததாகிவிடும், அது மரியாதையல்ல. ஆகவே மரியாதை தெரிந்த யாரும் படிப்பதில்லை. எலி ஒழிப்பு வாரத்துக்கும் சாக்கடை தூர்வாருவதற்கும் நடுவே கான்ஜிரோ எழுதியிருந்தார்: "அளவு மாற்றத்தில் முன்மாதிரி இல்லம்: நிஷிவாகி ஸ்டூடியோ. கேமரா அளவுப் பட்டை மீட்டருக்கு மாற்றப்பட்டது." பதினான்கு வீடுகளும் முத்திரை குத்தின. நான்காவது முத்திரை தொகியேவுடையது, நேராக, அழகாக.

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஸ்டூடியோவில் பள்ளிக் குழந்தைகள், மணப்பெண்கள். எல்லாம் கண்ணாடியில் பார்த்து எடுத்தவை. அளவுப் பட்டையின் பக்கம் அவள் திரும்பவேயில்லை.

மார்ச் இருபத்தேழு வந்தது. பத்து நாற்பதுக்குக் கடல் ஏற்றம். அதற்குத்தான் கப்பல் இறங்கவேண்டும், முன்னும் கூடாது பின்னும் கூடாது. தொகியே ஆறு மணிக்கே வந்துவிட்டாள். கப்பலின் மூக்குக்கு எதிரே எண்ணெய்ப் பீப்பாய்களின் மேல் பலகை அடித்து அவளுக்கு ஒரு பரண் போட்டிருந்தார்கள். கப்பலின் மூக்குக்கு வலப்பக்கம், பரணுக்கு நேரே, சிவப்பு வெள்ளைத் துணி சுற்றிய விருந்தினர் மேடை. மேலே தேங்காய்க் குலை அளவுக்குப் பூப்பந்து, அதற்குள் புறாக்கள். நேரம் நிறையக் கிடந்ததால் கண்ணாடியில் பார்த்து எல்லாவற்றையும் கூர்மையாக்கி, குமிழை இறுக்கி, ஃபிலிம் சட்டத்தைச் செருகிவிட்டு, கேமராவுக்கு ஓர் எண்ணெய்த் துணி மழைக்கோட்டைப் போர்த்தி, பக்கத்தில் காவல் நின்றாள். பொடித் தூறல். கீழே அரிசிப் பணியாரம் வீசுவார்கள் என்று ஊரே திரண்டு நின்றது. விழுவதை ஏந்தப் பெண்கள் ஏப்ரனை விரித்துப் பார்த்துக்கொண்டார்கள். வாத்திய கோஷ்டி சுருதி சேர்த்தது, அல்லது சேர்க்க முயன்றது.

பத்து முப்பத்தைந்துக்கு இனுகாய் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"பின்னால தள்ளுங்க! பரணைப் பின்னால தள்ளுங்க!"

"ஏன்?"

"கப்பலை வாங்கற கப்பல்காரரோட சம்சாரம் கயிறு வெட்டக் கோடரியைப் பிடிக்க மாட்டேங்கறாங்க. உங்க கேமரா பீரங்கியை நீட்டிட்டு நிக்கறாப்ல இருக்காம், கை நடுங்குதாம்."

"நான் ஃபோகஸ் பண்ணி வச்சிருக்கேன், இனுகாய் சான்! நகர்ந்தா எல்லாம் போச்சு!"

"அவங்க கயித்தை வெட்டலைன்னா கப்பலே போகாது! எது பெருசு?"

தொகியே பதில் சொல்வதற்குள் பரண் ஆடியது. கீழே குனிந்து பார்த்தாள். தொமெகிச்சியும் பதினைந்து தச்சர்களும் பலகைக்கு அடியில் தோளைக் கொடுத்திருந்தார்கள்.

"கேமராவைக் கட்டிப் பிடிச்சுக்கங்க, அக்கா! சாமி புறப்பாடு ஆயிடுச்சு!"

"மெதுவா! தொமெகிச்சி அண்ணே, மெதுவா!"

"சாமி பேசக் கூடாது!"

திருவிழாவில் பல்லக்குத் தூக்கும் அதே கூச்சலோடு அவளையும் கேமராவையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கூட்டம் கைதட்டியது. யாரோ ஒரு கிழவர் அவளைப் பார்த்துக் கும்பிட்டார். பரணை இறக்கிவைத்தபோது கடிகாரம் பத்து முப்பத்தெட்டு.

இரண்டு நிமிடம். சட்டத்தை உருவி, கண்ணாடியில் பார்த்து, மறுபடி செருக நேரமில்லை. தூறலில் வெளிச்சம் மங்கல். லென்ஸை முழுக்கத் திறந்துதான் எடுக்கவேண்டும். அப்படியானால் தூரத்தில் ஒரு கைப்பிடி பிசகினாலும் பெயர் மங்கிப்போகும். ஆனால் தொகியேவுக்குப் பயமில்லை. உண்மையைச் சொன்னால் அவளுக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். இதற்காகத்தானே பிறந்தோம் என்பதுபோல் சட்டைப்பையிலிருந்து தூரமானியை எடுத்தாள்.

கப்பல் பெயரின் முதல் எழுத்தில் செங்குத்தாக ஒரு வெள்ளைக் கோடு. கண்ணை வைத்தாள். இரண்டு கோடு. சக்கரத்தை உருட்டினாள். கோடுகள் நெருங்கின, தொட்டன, ஒன்றாயின. வயிற்றுக்குள் துள்ளியது. கப்பலின் அடியில் கட்டைகளை அடித்து உருவும் சம்மட்டிச் சத்தம் தடதடவென்று வந்தது. எண்ணைப் பார்த்தாள். முப்பது. கப்பல் சரிய ஆரம்பித்து ஒரு கஜம் பின்னால் போனபிறகுதான் பூப்பந்து முழுக்கத் திறக்கும்; அதற்கு மூன்று கூட்டு. முப்பத்து மூன்று அடி.

குமிழைத் தளர்த்தி முள்ளை நகர்த்தினாள். பத்து, பதினைந்து, முப்பது. முப்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் கொஞ்சம் தள்ளி...

ஐம்பது இல்லை.

முப்பதுக்கு அப்புறம் படுத்துக்கிடக்கிற எட்டு மட்டும்தான் இருந்தது, முடிவிலியின் குறி. தொகியே கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். எண்கள் சிவப்பாக இருந்தன. அவள் பட்டையின் எண்கள் கறுப்பு. இந்த ஏழின் வாலை இப்படி வளைக்கிறவர் இந்தத் தீவில் ஒருவர்தான். பட்டையின் ஓரத்தில் கடுகளவு முத்திரை: "சரிபார்க்கப்பட்டது."

மீட்டர்!

விசில் ஊதியது. சம்மட்டிகள் ஒரே நேரத்தில் நின்றன. கீழே தலைமைப் பொறியாளர் "எல்லாம் தயார்!" என்று அறிவித்தார். வாத்திய கோஷ்டி அடங்கியது. ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு கப்பல் பிறப்பதற்கு முன் எங்கள் பட்டறையில் விழும் அந்த அமைதியில் இதுவரை யாரும் இருமியதுகூட இல்லை. கப்பல்காரரின் சம்சாரம் வெள்ளிக் கோடரியை இரண்டு கையாலும் மெல்ல உயர்த்தினார்.

தொகியே சட்டத்தின் மூடியை உருவிவிட்டாள், ஷட்டரை ஏற்றிவிட்டாள். முள் மட்டும் நிற்க இடமில்லாமல் முப்பதில் நின்றது. மூளை வெள்ளைத் தாளாக இருந்தது. வீட்டில் மூன்று மாதமாகக் காதில் விழுந்த வாய்ப்பாடு முழுக்க எங்கேயோ ஓடிப்போயிருந்தது. மேடையில் ஊர்த் தலைவருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றவரை அவள் பார்த்தாள். அப்புறம் நடந்தது அவளுடைய யோசனையைக் கேட்டு நடக்கவில்லை.

"என்னங்க!" என்று அவள் தொண்டை கிழியக் கத்தினாள். "முப்பத்து மூணு அடி எத்தனை மீட்டரு?"

ஆயிரம் தலைகள் திரும்பின. இனுகாய் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். கோடரி அந்தரத்தில் நின்றது.

ஜனவரியிலிருந்து கான்ஜிரோவிடம் தானாக வந்து ஒரு கேள்வி கேட்டவர்கள் யாரும் இல்லை. அவர் முகம் விளக்கேற்றினாற்போல் ஆயிற்று. குடை சாய்ந்தது, ஊர்த் தலைவர் தலையில் தண்ணீர் ஊற்றியது.

"அமெரிக்க அடியா, நம்ம ஷாக்கா?" என்று திருப்பிக் கத்தினார், கடமை தவறாமல்.

"அமெரிக்க அடி! சீக்கிரம்!"

"அமெரிக்க அடின்னா முதல்ல சென்டிமீட்டர்ல..."

கீழே கப்பலுக்கடியில் இருந்த தொமெகிச்சிக்குப் பொறுக்கவில்லை. மூலைமட்டத்தைத் தராதவர்தான், ஆனால் வாய்ப்பாடு மனப்பாடம்.

"பத்து, அக்கா! பத்து!"

"பத்து!" என்று பதினைந்து தச்சர்களும் கத்தினார்கள். "பத்து!" என்றது ஏப்ரன் விரித்த கூட்டம். சட்டத்துக்குப் பயந்து மூன்று மாதம் முணுமுணுத்த ஊர் முழுக்க இப்போது ஒரே குரலில் முழங்கியது. மேடையில் இருந்த விருந்தினர்களுக்கும் தொற்றிக்கொண்டது. முதலாளி, எழுபது வயது, வால் வைத்த கோட்டோடு, பரணைப் பார்த்துக் கையை வாயருகே குவித்து, "பத்து!" என்றார்.

"பத்தும் ஆறு சென்டிமீட்டரும்!" என்று கான்ஜிரோ மட்டும் மல்லுக்கு நின்றார். "ஆறு விட்டுப்போச்சு! ஆறு!"

தொகியே அதற்குள் குமிழைத் திருகிவிட்டாள். முள் பத்தில் உட்கார்ந்தது. அந்த ஆறு சென்டிமீட்டருக்காக ஒரு மயிரிழை தள்ளினாள். கட்டியவனுக்காக அவ்வளவாவது செய்யவேண்டாமா?

கோடரி பிடித்திருந்த அம்மாள் அடக்கமாட்டாமல் சிரித்தார். சிரித்த குலுக்கலில் கோடரி விழுந்தது. கயிறு தெறித்தது, அதில் கட்டியிருந்த மதுப் புட்டி கப்பலின் மூக்கில் மோதிச் சிதறியது, கப்பல் முனகியது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு அந்த இரும்பு மலை நகர்ந்தது. மேலே பூப்பந்து பிளந்தது. தாள் நாடாக்கள் கொட்டின, புறாக்கள் பீறிட்டன. இப்போது இல்லை, இப்போது இல்லை என்று தொகியேவின் கட்டைவிரல் சொல்லிக்கொண்டே இருந்தது. கப்பல் ஒரு கஜம் போயிற்று. இப்போது.

ஷட்டரின் சத்தம் அவளுக்கே கேட்கவில்லை.

அன்று மதியம் இரண்டு மணிக்கு ஸ்டூடியோவின் இருட்டறைக் கதவுக்கு வெளியே இருவர் உட்கார்ந்திருந்தார்கள். இனுகாய்க்குக் கைக்குட்டையின் இஸ்திரி கலைந்திருந்தது. கான்ஜிரோவுக்குக் குளிர்ஜுரம் வரப்போவதன் தும்மல்.

"பட்டையை மாத்தினதைச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றது கதவுக்கு உள்ளிருந்து குரல்.

"சொன்னேனே. சுற்றுப்பலகையில இருந்துச்சு. நீ முத்திரை குத்தியிருக்க."

"ஒரே வீட்ல, ஒரே பாத்திரத்துல சோறு திங்கறோம். என்கிட்ட பேசறதுக்குச் சுற்றுப்பலகையா?"

"வாயால சொன்னா நீ கவனிக்கறதில்ல."

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம். அது கோபமா, ஒப்புதலா என்று வெளியே தெரியவில்லை. பிறகு ஒரு கூச்சல். இனுகாய் எழுந்து நின்றுவிட்டார்.

கதவு திறந்தது. ஈரம் சொட்டச் சொட்டப் படத்தைத் தட்டில் ஏந்திக்கொண்டு தொகியே வந்தாள். இனுகாயிடம் பூதக்கண்ணாடியை நீட்டினாள்.

இனுகாய் குனிந்தார். கிகுஷியோ மாரு என்ற எழுத்துகள் செதுக்கினாற்போல் இருந்தன. ஆணிகளை எண்ணலாம். பூப்பந்து இரண்டு பாதியாகத் திறந்து நின்றது. பதினொரு புறா; ஒன்றின் இறகு காற்றில் விரல்போல் பிரிந்திருந்தது. "சரி... சரி... சரி..." என்று அவர் ஒவ்வொன்றாக நகர்ந்தார். மேடைக்கு வந்தார். நின்றுவிட்டார்.

"தொகியே சான்."

"சொல்லுங்க."

"ஒருத்தர்கூட கப்பலைப் பாக்கலையே."

பார்க்கவில்லைதான். மேடையில் இருந்த நாற்பது பேரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது வாயும் அகலத் திறந்திருந்தது. முதலாளியின் கடைவாய்த் தங்கப்பல் பளிச்சென்று தெரிந்தது. கோடரி அம்மாள் கண்ணில் நீர்வரச் சிரித்துக்கொண்டிருந்தார். ஊர்த் தலைவர் நனைந்த கோழியாக நின்றார். அவர் பக்கத்தில் கான்ஜிரோ, குடையை விட்டுவிட்டு, விரித்த உள்ளங்கை மேல் மறுகையின் ஒரு விரலை வைத்து, உலகத்துக்கே ஆறு காட்டிக்கொண்டிருந்தார். அவர்களுக்குப் பின்னால் ஒரு கப்பல், யாரும் வழியனுப்பாமல், தன்பாட்டுக்குக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இதை எப்படி நான் முதலாளிகிட்ட காட்டுவேன்?" என்றார் இனுகாய் அழுகிற குரலில். "இருபது வருஷமா கப்பல் இறக்கறோம். இப்படி ஒரு படம்..."

"நாலும் கேட்டீங்க. பூப்பந்து, புறா, பேரு, முகம். நாலும் இருக்கா இல்லையா?"

"முகம் தெளிவாத்தான் இருக்கு. அதுதான் பிரச்சினையே!"

படம் காய்ந்ததும் அவர் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார், சாவு வீட்டுக்குப் போகிற நடையில். தொகியே ஜன்னலைத் திறந்து அவர் பட்டறை வாசலில் மறைகிறவரை பார்த்தாள். கான்ஜிரோ தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். அவள் குடிக்கவில்லை. அவர் இரண்டையும் குடித்தார்.

முக்கால் மணி நேரத்தில் மாடிப்படி தடதடத்தது. இனுகாய். தலைமுடி கலைந்திருந்தது. அவர் முடி கலையும் என்பதே எங்கள் ஊருக்குப் புதிய செய்தி.

"என்ன சொன்னாரு?" என்றாள் தொகியே எழுந்து நின்று.

"பூதக்கண்ணாடி கேட்டாரு. கண்ணாடியை வச்சுக்கிட்டு ஒவ்வொரு முகமாப் பார்த்தாரு. அப்புறம் 'இது யாரு, வாயைப் பொளந்துக்கிட்டு?'ன்னாரு. 'நீங்கதான்'னேன். அப்புறம்..." இனுகாய் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினார். "சிரிச்சாரு. சிரிச்சு இருமி, நான் முதுகுல தட்ட வேண்டியதாப் போச்சு. 'இத்தனை வருஷமா எடுத்த படத்துலயெல்லாம் நான் பொணம் மாதிரி நிக்கறேன், இனுகாய். இதுலதான் உயிரோட இருக்கேன்'ன்னாரு. வரவேற்பறைச் சுவரு முழுக்க வரும்படி பெருசு பண்ணச் சொல்றாரு. கப்பல்காரரோட சம்சாரத்துக்கு ஒண்ணு. தச்சருங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு, அவங்க வாயே படத்துல இல்லன்னாலும்."

"அடுத்த கப்பல்?"

"ஜூன் ஒன்பது," என்றார் இனுகாய், பல் பிடுங்கினாற்போல். "எண்ணெய்க் கப்பல். இதைவிட ரெண்டு மடங்கு நீளம். நீங்கதான் எடுக்கணுமாம். எனக்கு இஷ்டமில்லைன்னு இப்பவும் சொல்..."

அவர் முடிக்கும்போது அறையில் தொகியே இல்லை. தூரமானியைப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு, படியில் இரண்டிரண்டாக இறங்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க போறீங்க?" என்று இனுகாய் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"எங்க நிக்கறதுன்னு பாக்க!"

"கப்பலுக்கு இன்னும் அடிக்கட்டையே போடலைங்க! அங்க ஒண்ணுமே இல்ல, வெறும் மேடு!"

"அப்ப மூக்கு எந்த இடத்துல வரும்னு வந்து காட்டுங்க!" என்றாள் தெருவிலிருந்து, நிற்காமல். இனுகாய் கான்ஜிரோவைப் பார்த்தார். கான்ஜிரோ ஏற்கெனவே மீட்டர் நாடாவை எடுத்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் இருவரும் அவள் பின்னால் ஓடினார்கள்.